தெனாலிராமனுக்குப் பன்னிரண்டு வயது

முதல் ஒத்திகையில் எல்லோரும் சிரிப்பார்கள். வசனம் எழுதிய ஆசிரியர் சிரிப்பார், நடிக்கிறவர்கள் சிரிப்பார்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார்கள். ஒரு வாரம் போனால் யாருக்கும் சிரிப்பு வராது. ஆண்டு விழா நெருங்கும்போது ஆசிரியருக்கே சந்தேகம் வந்துவிடும்: இதில் அப்படி என்ன இருக்கிறதென்று இதைப் போய் எடுத்தோம்? விழா அன்று சாயங்காலம் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். யாரும் பெரிதாக நினைக்காத ஒரு வரியில் கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. செத்துக் கிடந்த வசனம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் மேடையில் நிற்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தலைக்குள் என்னென்ன நடக்கிறது என்பதை உளவியலும் நரம்பியலும் ஐம்பது அறுபது வருடமாகத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளையிடம் பள்ளிக்கூடம் கேட்கிற வேலைகளிலேயே கஷ்டமானது நகைச்சுவை நாடகம்தான். கணக்குப் பரீட்சை இதற்கு எவ்வளவோ தேவலை.

ஒத்திகையில் நகைச்சுவை ஏன் சாகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். அடுத்து என்ன வரும் என்று மூளை எந்நேரமும் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகித்தபடியே வந்தால் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சாரா ஜேன் பிளேக்மோரும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் லண்டனில் கிச்சுகிச்சைப் பற்றி ஒரு சோதனை செய்தார்கள். உள்ளங்கையை இன்னொருவர் வருடினால் கூசுகிறது, நாமே வருடிக்கொண்டால் கூசுவதில்லை. ஏன் என்று மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். நம் கை எங்கே, எப்போது படப்போகிறது என்று சிறுமூளை முன்கூட்டியே கணக்குப் போட்டு, வருகிற உணர்வைத் தணித்துவிடுகிறது என்று தெரியவந்தது. கூச்சமும் நகைச்சுவையும் ஒன்றல்லதான். ஆனால் இரண்டுக்கும் எதிரி ஒன்றே: முன்கூட்டியே தெரிந்திருப்பது. ஆகவே, தன் வசனம் இன்னும் சிரிப்பாக இருக்கிறதா என்று நடிக்கிற பிள்ளை தானே சோதித்துப் பார்க்க வழியே இல்லை. அதற்கு வசனம் தெரியாத தலைகள் வேண்டும். எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அதற்குத்தான்.

நம் பள்ளிகளில் அலுக்காமல் மேடையேறுகிற தெனாலிராமன் நாடகம் ஒன்று உண்டு. கதை தெரிந்ததுதான். தோட்டத்தில் திருடர்கள் பதுங்கியிருப்பதைத் தெனாலிராமன் பார்த்துவிடுகிறான். காட்டிக்கொள்ளாமல், நகைகளை மூட்டை கட்டிக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று மனைவியிடம் உரக்கச் சொல்கிறான். மூட்டை தொபுக்கென்று கிணற்றில் விழுகிறது. திருடர்கள் விடிய விடிய நீர் இறைக்கிறார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்துவிடுகிறது. மேடையில் கிணறு என்பது கவிழ்த்த பெஞ்சுகளும் அவற்றைச் சுற்றிக் கட்டிய பழைய சேலையும். வாளி மட்டும் நிஜம். காலி வாளியை, தண்ணீர் நிரம்பியது போல் முக்கி முக்கித் தூக்க வேண்டும்.

"அடியே, ஊரெல்லாம் திருட்டாமே, நகையை எங்க வெச்சிருக்கே?" என்று பையன் சொல்கிற ஒரே ஒரு வரியைப் பிரித்துப் பாருங்கள். வெளிப்பார்வைக்கு அது மனைவியிடம் கேட்ட கேள்வி. உள்ளுக்குள் அது செடி மறைவில் இருக்கும் திருடர்களுக்காகச் சொன்னது. ஆனால் திருடர்களுக்குச் சொல்கிறோம் என்பது திருடர்களுக்குத் தெரியக் கூடாது, எதிரே இருக்கும் கூட்டத்துக்குத் தெரிந்தாக வேண்டும். மனைவியைப் பார்த்துக்கொண்டே, தோட்டத்துப் பக்கம் குரலை விட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சமாகக் கண்ணை உருட்ட வேண்டும். பன்னிரண்டு வயதில்.

திருடனாக வருகிற பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். கதை முழுக்க அவர்களுக்குத் தெரியும், ஆனால் திருடனுக்கு ஒன்றுமே தெரியக் கூடாது. தன் தலைக்குள் இருப்பதை மூடி வைத்துவிட்டு, இல்லாத அறியாமையைக் கொண்டுவர வேண்டும். ஒத்திகை பார்க்கிறவர்கள் கவனிக்கத் தவறும் கேள்வி ஒன்றும் இருக்கிறது: தெனாலியின் மனைவிக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், "நகையைக் கிணற்றில் போடவா? உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா?" என்று அவள் கத்த வேண்டும். தெரியும் என்றால், தெரியாததுபோல நடிப்பவளாக அவள் நடிக்க வேண்டும். இதை முடிவு செய்யாமல் மேடை ஏற்றினால் அந்தப் பிள்ளை பாவம், சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்கும்.

அடுத்தவர் மனத்தில் இருப்பது நம் மனத்தில் இருப்பது அல்ல என்பது பிறக்கும்போதே வருகிற அறிவல்ல. ஆஸ்திரியாவில் ஹைன்ஸ் விம்மரும் ஜோசப் பெர்னரும் 1983இல் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை, சாக்லேட் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே என்கிறது. தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது நான்கைந்து வயதில்தான் மெல்லப் பிடிபடுகிறது. 1985இல் இருவரும் இன்னொரு முடிச்சுப் போட்டார்கள். மேரி என்ன நினைக்கிறாள் என்று ஜான் நினைக்கிறான்? ஐஸ்கிரீம் வண்டி இடம் மாறியது இருவருக்கும் தனித்தனியே தெரியும், ஆனால் அடுத்தவருக்குத் தெரியும் என்பது தெரியாது. இதை அவிழ்க்க ஆறேழு வயதாவது ஆக வேண்டியிருந்தது. தெனாலி நாடகத்தில் முதல் வகுப்புக் குழந்தைகள் வாளியைப் பார்த்துச் சிரிப்பதும், ஐந்தாம் வகுப்பு ஏமாற்று வேலையைப் பார்த்துச் சிரிப்பதும் இதனால்தான். ஒரே காட்சிக்கு இரண்டு சிரிப்புகள் அரை நொடி முன்பின்னாக வரும். அடுத்த ஆண்டு விழாவில் காது கொடுத்துக் கேளுங்கள்.

அப்படியானால் ஏழாம் வகுப்புக்கு வரும்போது எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. கிச்சுகிச்சு ஆராய்ந்த அதே பிளேக்மோர் பிற்பாடு வளரிளம் பருவத்து மூளைக்குள் போனார். 2010இல் இரோயீஸ் டியூமான்டெய், இயன் ஆப்பர்லி ஆகியோருடன் வெளியிட்ட ஆய்வில் ஏழு வயதிலிருந்து இருபத்தேழு வயது வரையிலானவர்களை ஓர் அலமாரியின் முன் உட்காரவைத்தார்கள். சில தட்டுகளுக்குப் பின்பக்கம் அடைப்பு. அலமாரிக்கு அந்தப் பக்கம் 'இயக்குநர்' என்று ஒருவர் நின்று, இதை நகர்த்து, அதை நகர்த்து என்கிறார். அடைப்பு உள்ள தட்டுகளில் இருப்பது அவருக்குத் தெரியாது. "சின்னப் பந்தை நகர்த்து" என்றால், அவர் கண்ணுக்குத் தெரிகிற பந்துகளில் சின்னதைத்தான் நகர்த்த வேண்டும், நமக்கு மட்டும் தெரிகிற குட்டிப் பந்தை அல்ல. கேட்க எளிது. பெரியவர்களே நிறையத் தவறினார்கள். பதினான்கு முதல் பதினேழு வயதுக்காரர்கள் அவர்களைவிட அதிகம் தவறினார்கள். இயக்குநரை எடுத்துவிட்டு அதே வேலையை வெறும் விதியாகச் சொன்னபோதோ அந்த வயதினர் பெரியவர்களுக்குச் சமமாகச் செய்தார்கள். ஆக, அவர்களிடம் குறைந்தது புத்தி அல்ல. எதிரே நிற்பவரின் கண்ணால் பார்ப்பதை வேலையின் வேகத்திலேயே செய்யும் பழக்கம்தான் பதின்வயது முழுக்கக் கனிந்துகொண்டிருக்கிறது. நாடக ஆசிரியர்கள் தொண்டை கிழியக் கத்துகிற "ஆடியன்ஸுக்கு முதுகைக் காட்டாதேடா!" என்பதன் பின்னால் இருப்பதும் இதேதான். பையனுக்குத் திருடன் தெரிகிறான், கூட்டத்துக்கு அவன் முதுகு தெரிகிறது. தன் முதுகைக் கூட்டத்தின் கண்ணால் பார்க்க அவன் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறான்.

இத்தனைக்கும் கூட்டம் தன்னைப் பார்ப்பது தெரியாமல் இல்லை. அது அளவுக்கு மீறித் தெரிகிற வயது அது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் எழுதினார்: இந்த வயதுப் பிள்ளைகள் எங்கே போனாலும் ஒரு கற்பனைக் கூட்டத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்றால் ஊரே அதைத்தான் பார்க்கிறது என்று நினைப்பு. லியா சோமர்வில்லும் சகாக்களும் 2013இல் இதைக் கருவிக்குள் கொண்டுவந்தார்கள். எட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரையிலானவர்கள் மூளைப் படக்கருவிக்குள் படுத்திருக்க, உங்கள் வயதுக்காரர் ஒருவர் இப்போது கேமரா வழியாக உங்களைப் பார்க்கிறார் என்று சொன்னார்கள். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு பேச்சுக்கே பதின்வயதினருக்குக் கூச்சம் ஏறியது, தோல் வியர்த்தது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி பெரியவர்களையும் குழந்தைகளையும்விட அதிகம் வேலை செய்தது. யாரும் பார்க்காதபோதே இந்தக் கதி. நம் ஆளை நிஜமான நானூறு பேருக்கு எதிரே, ஒட்டு மீசையும் வேட்டியுமாக நிறுத்துகிறோம்.

இங்கே கரப்பான்பூச்சிகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர், பார்ப்பவர்கள் இருந்தால் வேலை நன்றாக நடக்குமா கெடுமா என்ற பழைய கேள்விக்கு 1965இல் ஒரு விடை சொன்னார். பக்கத்தில் ஆள் இருந்தால் உடம்பில் ஒரு துடிப்பு ஏறுகிறது. அந்தத் துடிப்பில், எது நமக்குள் நன்றாக ஊறியிருக்கிறதோ அது முந்திக்கொண்டு வெளியே வரும். ஊறியது சரியான செயலாக இருந்தால் லாபம், தப்பானதாக இருந்தால் நஷ்டம். 1969இல் இதைக் கரப்பான்பூச்சிகளிடம் சோதித்தார். விளக்கைப் போட்டால் கரப்பான் இருட்டைத் தேடி ஓடும். ஓடுபாதைக்கு இருபுறமும் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்களைப் பார்வையாளர்களாக உட்கார்த்தி வைத்தார். நேர்ப்பாதையில், பார்வையாளர்கள் இருந்தபோது வேகமாக ஓடின. திருப்பம் வைத்த பாதையில், பார்வையாளர்கள் இருந்தபோது தடுமாறித் தாமதமாயின. அறிவியல் வரலாற்றில் இதைவிட நல்ல நாடகக் கொட்டகை எனக்குத் தெரியாது.

நம் பிள்ளைகளுக்குள் மிக நன்றாக ஊறியிருப்பது எது? ஒப்பித்தல். முதல் வகுப்பிலிருந்து காலை வழிபாட்டில் கைகட்டி நின்று, ஒரே மூச்சில், ஒரே ராகத்தில் குறளும் செய்யுளும் சொல்லிச் சொல்லி ஏறிய பழக்கம். கூட்டத்தைப் பார்த்ததும் துடிப்பு ஏறுகிறது, ஏறியதும் ஒப்பித்தல் முந்திக்கொள்கிறது. நேற்று ஒத்திகையில் கண்ணை உருட்டியவன் இன்று மேடையில் விறைத்து நின்று, "அடியே ஊரெல்லாம் திருட்டாமே நகையை எங்க வெச்சிருக்கே" என்று கடகடவென்று கொட்டிவிட்டுப் பெருமூச்சு விடுகிறான். அவன் எதையும் மறக்கவில்லை. கூட்டம் இல்லாத அறையில் பழகிய நடிப்பு அவனுக்குள் போதுமான ஆழம் இறங்கவில்லை, அவ்வளவுதான். திட்டிப் பயனில்லை. வசனத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து வீட்டில் மனப்பாடம் செய்யச் சொன்னதுதான் வினை.

நடிகர்கள் வசனத்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் ஹெல்கா, டோனி நொய்ஸ் தம்பதியர். ஹெல்கா உளவியலாளர், டோனி நடிகர். தேர்ந்த நடிகர்கள் வரியை வரியாக உருப்போடுவதில்லை. இந்தப் பாத்திரம் இதை ஏன் சொல்கிறது, யாரை என்ன செய்யவைக்கச் சொல்கிறது என்று தோண்டுகிறார்கள், வார்த்தைகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. நகர்ந்துகொண்டே சொன்ன வசனம், நின்ற இடத்தில் சொன்ன வசனத்தைவிட அதிகம் தங்குகிறது என்றும் கண்டார்கள். பெஞ்சுக் கிணற்றில் காலை வைத்து, வாளிக் கயிற்றை இழுத்துக்கொண்டே பழகிய வரி, கயிறு கைக்கு வந்ததும் வாய்க்கும் வந்துவிடும்.

வசனம் வந்தால் மட்டும் சிரிப்பு வந்துவிடாது, நேரத்தில் வர வேண்டும். நாம் சாதாரணமாகப் பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் ஆரம்பிக்கும் இடைவெளி மிகச் சிறியது. உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து பத்து மொழிகளை எடுத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக அது நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. ஆனால் ஒரு பொருளைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் ஆகிறது. கணக்கு இடிக்கிறதே? எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம் என்பதுதான் விடை. டீக்கடையில் இதைத் தூக்கத்திலும் செய்கிற பையன் மேடையில் செய்ய மாட்டான். அவன் எதிராளியின் பேச்சைக் கேட்பதில்லை, தன் முறைக்கான கடைசி வார்த்தைக்காகக் காத்திருக்கிறான். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் வசனத்தைத் தேடவே ஆரம்பிக்கிறான். அரை நொடி, முக்கால் நொடி என்று இடைவெளி விழுகிறது. கடிகாரத்துக்கு அது காலமில்லை, கூட்டத்தின் காதுக்கு அது பள்ளம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, மாறி மாறிப் பாடம் சொல்கிறார்கள் என்பது அந்தப் பள்ளத்திலேயே தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான சிக்கல், கூட்டம் சிரித்துவிட்டால் வரும். ஒத்திகையில் இல்லாத ஒரு பாத்திரம் திடீரென்று குறுக்கே பேசுவது மாதிரிதான் சிரிப்பு. விடாமல் பேசினால் அடுத்த வரி அதில் மூழ்கிவிடும். அது மட்டுமில்லை, அந்த வரியைக் கேட்பதற்காகக் கூட்டம் சிரிப்பைப் பாதியில் விழுங்கிவிடும், அடுத்த தடவை சிரிக்கத் தயங்கும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் சூடு ஆறிவிடும். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த வரியைப் பிடிக்க வேண்டும், அதுவரை முகத்தில் பாத்திரம் கலையாமல் நிற்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஒரு தடவை கிடைத்துவிட்டால் பிள்ளைகள் தாமாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை வியப்புதான். எழுதிய தேர்வின் தாள் ஒரு வாரம் கழித்து வரும். இந்தப் பதில் ஒரு நொடிக்குள் வந்துவிடுகிறது, அதைத் திருத்துவது நானூறு பேர்.

நடிக்கிறவனே சிரித்துவிட்டால்? இதுவும் விருப்பத்தால் நிறுத்தக்கூடிய சமாச்சாரம் அல்ல. நாம் மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பும், அடக்க முடியாமல் பீறிடுகிற சிரிப்பும் மூளையில் ஒரே வழியாக வருவதில்லை. முன்னது உடம்பை நாமாக அசைக்கும் பகுதிகளின் வழியாக வருகிறது. பின்னது உணர்ச்சியின் பழைய பாதையில், மூளைத் தண்டு வழியாக, நம்மைக் கேட்காமல் வருகிறது. வந்துவிட்டால் பேச்சு போய்விடும், ஏனென்றால் பேச்சும் சிரிப்பும் ஒரே வெளிமூச்சுக்குப் போட்டி போடுகின்றன. சிரிப்பு அந்த மூச்சைச் சிறு சிறு துண்டாக நறுக்கிவிடுகிறது. தசைகளும் தளர்கின்றன. 1999இல் நெதர்லாந்து மருத்துவர்கள், மனம்விட்டுச் சிரிக்கும்போது காலில் ஓர் அனிச்சைச் செயல் வெகுவாக அடங்கிவிடுவதை அளந்து காட்டினார்கள். சிரித்துக் கையாலாகாமல் போவது சும்மா பேச்சில்லை. இரண்டாம் திருடன் சிரித்துவிட்டான் என்றால் வாளி கைநழுவும், கயிறோடு கிணற்றுச் சேலையும் வரும், பெஞ்சு தெரியும். அன்று இரவின் மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான் கிடைக்கும்.

கூட்டம் அப்படி எதற்குத்தான் சிரிக்கிறது? அமெரிக்காவில் ராபர்ட் புரொவைன் கடைவீதியிலும் கல்லூரி வளாகத்திலும் ஒட்டுக்கேட்டு 1,200 சிரிப்புகளைக் குறித்துவைத்தார். சிரிப்புக்கு முந்தைய பேச்சில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கது ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்பதற்கெல்லாம் மனிதர்கள் சிரிக்கிறார்கள். தனியாக இருப்பதைவிடக் கூட்டமாக இருக்கும்போது முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் அவர் கணக்குச் சொன்னது. ஆகவே ஆண்டு விழாவில் வருகிற சிரிப்பு முழுவதையும் வசனகர்த்தா தன் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. நம் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவும் சீடர்களும் ஆற்றைக் கடந்துவிட்டு, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று ஒப்பாரி வைக்கிற காட்சியில் பேதைமையும் மடனும் கதையிலேயே இருக்கின்றன. அவர்களை எள்ளுவது நாம். மிச்சமிருக்கும் இளமையைப் பிள்ளைகள் சும்மா நின்றாலே கொண்டுவந்துவிடுகிறார்கள். பஞ்சுத் தாடி வைத்த பதினோரு வயது குரு, "அடேய் சீடர்களே" என்று கீச்சுக் குரலில் கூப்பிட்டால் அதற்குமேல் வசனம் எதற்கு?

குரல் என்றதும் எட்டாம் வகுப்புப் பையன்களின் நிலைமை நினைவுக்கு வருகிறது. குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடித்து, சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிற வயது. இறங்குகிற வழியில் பழைய குரலும் புதிய குரலும் மாறி மாறி எட்டிப் பார்க்கும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். அப்போது ஆறு வயதுச் சிறுவன் தி. க. சண்முகம் உட்படப் பிள்ளைகள்தான் அதன் நடிகர்கள். அந்த பாய்ஸ் கம்பெனி உலகத்தில் இந்தக் குரல் உடைவை மகரக்கட்டு என்பார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் போட்டுப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு அது பிழைப்பையே பறிக்கக்கூடிய விஷயம். இன்றைய எட்டாம் வகுப்புக்காரனுக்கு அந்தப் பயம் இல்லை. ராஜாவாக வந்து கம்பீரமாக ஆரம்பித்து "யாரங்கே!" என்பதில் கடைசி எழுத்து கீச்சென்று உடைந்தால் கூட்டம் அவனைத் தோளில் தூக்காத குறை. சாமர்த்தியசாலி, அடுத்த காட்சியில் வேண்டுமென்றே உடைப்பான்.

சேர்ந்து சிரிப்பதால் உடம்புக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ராபின் டன்பாரின் குழு 2012இல், சேர்ந்து சிரித்தவர்கள் சிரிப்பதற்கு முன்பைவிட அதிக வலியைத் தாங்குவதைக் காட்டியது. சில சோதனைகளை எடின்பரோ நாடக விழாவின் நேரடி நிகழ்ச்சிகளிலேயே செய்தார்கள். 2017இல் பின்லாந்தில், நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவர்களின் மூளையில் வலியைத் தணிக்கும் இயற்கையான ஓபியாய்டுகள் சுரப்பதைப் படம் பிடித்தார்கள். விழாக் குழுவினருக்கு இதை மனமாரச் சிபாரிசு செய்கிறேன். நகைச்சுவை நாடகத்தைச் சிறப்பு விருந்தினர் உரைக்கு முன்னால் வையுங்கள்.

நாடகம் நடிப்பதால் பிள்ளைகளுக்கு என்ன வருகிறது என்பதற்குச் சான்று அவ்வளவு பெரிதில்லை, ஆனால் இருக்கிறது. தாலியா கோல்ட்ஸ்டீனும் எலன் வின்னரும் 2012இல், ஒரு வருடம் நடிப்பு கற்ற பிள்ளைகளையும் வேறு கலைகள் கற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். நடிப்பு கற்றவர்களிடம் பிறர் உணர்ச்சியை உணர்வது கூடியிருந்தது. பதின்வயதினரிடம் பிறர் மனத்தை ஊகிக்கும் திறனும் கூடியிருந்தது. சிறு குழுக்களில் செய்த ஆய்வு, இதை வைத்துக் கொடி பிடிக்க முடியாது. எனக்கு இருக்கும் குறை வேறு. நம் பள்ளிகளில் நாடகம் என்றாலே கருத்து சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. குடிகார அப்பா திருந்துவார், பிளாஸ்டிக் பை ஒழியும், கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டி ஒரு வாசகம் சொல்வார்கள். அதில் யாரும் யாரிடமிருந்தும் எதையும் மறைப்பதில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும், எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒப்பித்தல் அங்கே குறையே இல்லை. கூட்டம் கைதட்டும், அது மரியாதைக்கும் தட்டலாம். மரியாதைக்கு வாய்விட்டுச் சிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

போட்டி மேடை என்று வந்தால் நகைச்சுவைக்கு ஏழரைதான். ஏதோ ஒரு பள்ளியின் வகுப்பறை, மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள், கையில் மதிப்பெண் தாள். உச்சரிப்புக்கு இவ்வளவு, ஒப்பனைக்கு இவ்வளவு. சிரித்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று ஆகிவிடுமோ என்று அவர்களுக்கும் ஒரு பயம். புரொவைன் கணக்குப்படி அந்த அறையில் தெனாலிராமன் தோற்றாக வேண்டும், குடிகார அப்பா ஜெயித்தாக வேண்டும். விவரம் தெரிந்த நாடக ஆசிரியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "பிள்ளைங்க எல்லாம் வெளியே வெயில்ல நிக்குதுங்க சார், உள்ளே வந்து ஓரமா உட்காரட்டுமே" என்று நடுவரிடம் கேட்டு, முறைக்காகக் காத்திருக்கும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளை அறைக்குள் அடைத்துவிடுவார்கள். அவர்கள் போட்டியாளர்கள், சிரிக்கவே கூடாது என்ற முடிவோடுதான் வந்து உட்காருவார்கள். முதல் வாளி மேலே வரும். திருடன் அதற்குள் தலையை விட்டுத் துழாவி, "அண்ணே, நகையைக் காணோம், தவளைதான் இருக்கு" என்பான். "தவளை காதுல கம்மல் கிடக்கா பாருடா" என்பான் பெரிய திருடன். பின்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்துவாள், பக்கத்தில் இருப்பவளுக்குத் தோள் குலுங்கும். நாலாவது வாளிக்கு நடுவர்களில் ஒருவராவது பேனாவை மேசையில் வைத்திருப்பார்.